அடைத்த அறையில் யார் புகை?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மின்சாரச் சிக்கனம், தூய காற்று என்று இரண்டு பொருள்களைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இரண்டும் வேறு வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மகனின் இரவு இருமல் அந்த எண்ணத்தை மாற்றியது.

அந்தி சாய்ந்ததும் சாம்பிராணி போடுவோம். பிறகு படுக்கையறையில் கொசுவத்திச் சுருள். குளிர்ச்சி வெளியேறிவிடக் கூடாதென்று சன்னல்களை இறுக அடைத்துக் குளிர்சாதனத்தை முடுக்குவோம். சிங்கப்பூரின் வீவக வீடுகளில் இது பலருக்கும் பழகிப்போன ஒன்று.

நாம் கவனிக்காத உண்மை ஒன்று உண்டு. சுவரில் பொருத்தும் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திருப்பி விடுகிறது. புகையும் உடன் சுற்றுகிறது. சீன, மலேசியக் கொசுவத்திகளைச் சோதித்து 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்றது. வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான்!

கொசுவத்தியை விட்டுக் கொசுவலைக்கு மாறினோம். சாம்பிராணியைச் சன்னல் திறந்திருக்கும்போது மட்டும் போட்டோம். மருத்துவரின் சிகிச்சையும் சேர்ந்து இருமல் தணிந்தது.

மின்கட்டணமும் குறைந்தது. மின்விசிறிக்கு ஏறத்தாழ 60 வாட் போதும். குளிர்சாதனத்திற்குப் பல நூறு வாட் வேண்டும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டாலே பல இரவுகள் கழிந்துவிடும். புழுக்கம் தாங்காத நாளில் குளிர்சாதனத்தை 25 பாகையில் வைத்து, மின்விசிறியையும் சேர்த்துப் போடலாம். வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து மின்சாரம் வீணாகும். அதை அடிக்கடி கழுவ வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: புகைமூட்ட நாள்கள். 2013 ஜூன் 21-இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாளில் சன்னலை அடைப்பதே சரி. ஆனால் அடைத்த வீட்டுக்குள் ஊதுவத்திகூட வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் புகையை நாம் தடுக்க முடியாமல் போகலாம். நாமே மூட்டும் புகையைத் தவிர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்றிரவே சன்னலைத் திறந்து பாருங்கள்.