மறித்தது யார்?

(கல்லூரி நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"ரீச்சர், ஆங்கிலத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் என்னை ஒரு மாணவி திருத்திய கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த காலம். பிந்தி வருகிறவர்களைப் பதியும் கொப்பி என் பொறுப்பில் இருந்தது. காரணத்தை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பது நான் வைத்த விதி; அப்படியாவது நாலு சொல் பழகட்டுமே என்ற எண்ணந்தான். ஒருநாள் இரண்டாம் பாடம் தொடங்கிய பிறகு ஒரு பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். களைத்துப்போய் நின்றதால் நானே கொப்பியை வாங்கி 'டிலேய்ட்' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ரீச்சர், நான் பிந்தேல்லை. என்னை மறிச்சு வைச்சிருந்தவை. அதுக்கு வேற சொல்லு இருக்கெல்லோ?"

இருந்தது. 'டிற்றெயின்ட்'. முதல் வாரந்தான் 'டிலே', 'ஹின்டர்', 'இம்பீட்', 'டிற்றெயின்', 'ரிஸ்ட்ரெயின்' எல்லாவற்றையும் கரும்பலகையில் ஒரே வரிசையில் எழுதி, "இவை ஒத்த கருத்துச் சொற்கள்" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒத்த கருத்து இல்லை என்பதை எனக்குக் காட்டியவள் அந்தப் பிள்ளை. அதன் பிறகுதான் அகராதியை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன்.

பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமாகத் தடுக்கிறது. 'ஹின்டர்' என்பது பின்னுக்கு இழுப்பது. 'பிஹைன்ட்' என்ற சொல்லுக்கு உறவு. 'இம்பீட்' காலைப் பிடிக்கிறது. லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது. காலில் தளையிடுவதே அதன் முதற்பொருள். அந்தத் தளையை அவிழ்த்துவிட்டால் 'எக்ஸ்பெடைட்', அதாவது விரைவுபடுத்துவது. 'கேர்ப்' குதிரையின் கீழ்த்தாடையின் கீழே போடும் வாரையோ சங்கிலியையோ குறித்தது. நமது கடிவாளத்துக்குக் கிட்டிய சொல். 'செக்' சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. அரசன் என்ற பொருள்தரும் பாரசீகச் சொல்லான 'ஷா' அதன் மூலம். உன் அரசனுக்கு ஆபத்து, நில் என்ற எச்சரிக்கை பின்னர் தடுத்தலாகவும் சரிபார்த்தலாகவும் விரிந்தது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத எங்கள் ஆச்சிமார்கூட 'செக் பொயின்ற்' என்று சொல்லப் பழகியிருந்தார்கள்.

சில சொற்கள் காலப்போக்கில் பொருளே மாறியவை. 'பிரிவென்ட்' என்பதற்கு முதலில் முந்திச் செல்லுதல் என்றுதான் பொருள். 1611 இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் அந்தப் பொருளிலேயே வருகிறது. முந்திப்போய் வழியில் நிற்பவர் தடுக்கவும் கூடுமல்லவா? இன்று தடுத்தல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 'லெட்' இன்னும் வேடிக்கையானது. விடு, அனுமதி என்று நாங்கள் அறிந்த சொல்லுக்குப் பக்கத்தில், தடை என்ற பொருளில் வேறொரு பழைய 'லெட்' இருக்கிறது. லண்டனிலிருந்து வந்திருப்பவர்கள் உங்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். 'லெட் ஓர் ஹின்ட்ரன்ஸ்' இல்லாமல் இவரைப் போகவிடுங்கள் என்று கேட்டிருக்கும். ரெனிஸில் சேர்வ் பந்து வலையில் பட்டு உரிய கட்டத்துக்குள் விழுந்தால் 'லெட்' என்பதும் அந்தத் தடைதான்.

தமிழும் இதற்குக் குறைந்ததல்ல. 'மறியல்' என்றால் தமிழ்நாட்டில் மக்கள் வீதியை மறித்துச் செய்யும் போராட்டம். எங்களுக்கு மறியல் என்றால் சிறை. வழக்கு முடியுமுன் வைத்தால் விளக்கமறியல். மறி என்ற ஒரே வினைதான். அங்கே மறிப்பவர்கள் மக்கள். இங்கே மறிக்கப்படுபவர்கள் மக்கள். யார் மறித்தது என்று கேட்காமல் அந்தச் சொல்லை விளங்க முடியாது.

அந்தப் பிள்ளை சொன்னதும் அதுதான். மழை பெய்தால், சைக்கிள் காற்றுப் போனால், பஸ் வராவிட்டால் 'டிலே'. அதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. 'டிற்றெயின்' என்பதன் அடியில் பிடித்திருத்தல் என்ற லத்தீன் வினை இருக்கிறது. பிடித்த கை ஒன்று உண்டென்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் கட்டளையின் பேரில் ஒருவரை மும்மூன்று மாதங்களாக 18 மாதம் வரை தடுத்துவைக்க இடங்கொடுத்தது. 2022 இல் வந்த திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. வீட்டில் மகனுக்காகக் காத்திருந்த தாய்க்கு அந்த மாதங்களைத் தாமதம் என்று சொல்லமுடியுமா?

கடைசியாக, 'ரிஸ்ட்ரெயின்'. பின்னே இழுத்துக் கட்டுதல் என்பது அதன் மூலப்பொருள். பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் சொல்லிக் கொடுத்த பாடசாலை இது. நானும் சொல்லிக் கொடுத்தேன். வாயில் வந்த கடுஞ்சொல்லை நானே விழுங்கினால் அது தன்னடக்கம், நல்ல குணம். சொல்லவேண்டியதைச் சொல்லவிடாமல் வேறொருவர் அடக்கினால் அதற்குப் பெயர் அடக்கமல்ல, அடக்குமுறை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து எத்தனை பிள்ளைகளை வாய்மூடி இருக்கச் செய்தோமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

பிள்ளைகளே, உங்கள் மகள் படிப்பை இடையில் விட்டால், வேலைக்குப் போகாமல் நின்றால், "கொஞ்சம் பிந்திப்போச்சு" என்று எழுதிவிடாதீர்கள். பிந்தியதா, மறித்ததா என்று கேளுங்கள். மறித்ததென்றால் யார் என்று கேளுங்கள்.

அன்று நான் 'டிலேய்ட்' என்பதை வெட்டி, மேலே 'டிற்றெயின்ட்' என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமும் இட்டேன். ஒரு மாணவி சொல்லி நான் கொப்பியில் செய்த முதல் திருத்தம் அது. அவளுக்கு அன்று நன்றி சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.