பெண்கள் எழுதிய சித்திரங்கள்
(கொற்கையில் நடந்த சித்திரக் காட்சிக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



கூட்டம் ஆரம்பிக்குமுன் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நெல்லிலே ஆண் நெல், பெண் நெல் என்று உண்டா? அப்படியிருக்கச் சித்திரத்தில் மாத்திரம் பெண்களுக்கென்று தனிக் காட்சி எதற்கு?" என்றார். கேள்வி நியாயமானதேயாகும். அதற்குப் பதில் சொல்லுவதே இன்று நமது வேலை.

கலைக்குத் தெய்வம் யாரென்றால் சரஸ்வதி என்று குழந்தையுங்கூடச் சொல்லும். தெய்வத்தைப் பெண்ணாக உட்கார வைத்தார்களே யொழிய, பெண்ணின் கையில் தூரிகையைக் கொடுத்தார்களா? வீட்டுச் சுவர்களில் தொங்கும் சரஸ்வதி படங்களுக்கு மூலபுருஷர் ரவிவர்மா. 1894-ல் அச்சுக்கூடம் வைத்து அவர் படங்களைப் பரப்பினார். அவருடைய சகோதரி மங்களா பாயியும் சித்திரம் எழுதியவர்தான். நமக்கு அடுத்த திருவாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தவர். அவர் பெயரை இக்கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? ஒருவரும் கை தூக்கக் காணோம்.

இங்கே கயிற்றில் தொங்குபவை அசல் படங்களல்ல, அச்சுப் படங்களே. அசல்களைக் கொற்கைக்குக் கொண்டுவர நம்மிடம் பணமுமில்லை, கொடுப்பாருமில்லை. இவற்றை எழுதியவர்கள் நளினி மலானி, அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாதவி பரேக் என்னும் நால்வர். 1969-ல் பம்பாயில் நடந்த ஒரு கலைப் பட்டறையில், வந்திருந்தவர்களுக்குள் நளினி ஒருவரே பெண். பத்து வருஷம் கழித்து, 1979-ல், அவர் நியூயார்க் போனார். அங்கே பெண்களே கூடி 1972-ல் தங்களுக்கென்று ஒரு சித்திரக் கூடம் ஏற்படுத்தி நடத்தி வந்ததைக் கண்டார். நம் தேசத்திலும் அப்படிச் செய்தாலென்ன என்று தோன்றிற்று. தோன்றியது கைகூட எட்டு வருஷமாயிற்று. 1987 முதல் 1989 வரை இந்நால்வரும் தங்கள் படங்களை ஒன்றாகச் சேர்த்து, வியாபாரக் கடைகளில் வைக்காமல், ஐந்து ஊர்களில் பொது இடங்களில் வைத்துக் காட்டினார்கள். அதற்குக் "கண்ணாடியின் ஊடே" என்று பொருள்படும்படி பெயரிட்டார்கள். பெண்ணிடம் கண்ணாடியைக் கொடுத்து, பொட்டு சரியாயிருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துக்கொள் என்பதுதானே நமது வழக்கம்!

நீலிமா ஷேக் 1984-ல் எழுதிய பன்னிரண்டு சிறு படங்களின் கதையைக் கேளுங்கள். சம்பா என்று ஒரு பெண். அவருக்குத் தெரிந்த பெண்ணே, கற்பனையல்ல. துள்ளித் திரிந்தவளை வயது வருமுன் கட்டிக் கொடுத்தார்கள். புகுந்த வீட்டார் வரதக்ஷணைக்காக அவளை வதைத்தார்கள். கடைசியில் நெருப்பு. இதை யாரும் கூக்குரலிட்டுச் சொல்லவில்லை. பொம்மைப் புத்தகம் போல அழகான வர்ணத்தில் எழுதி ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். அழகாயிருக்கிறதே என்று கிட்டப் போகிறவன் கடைசிப் படத்தில் திடுக்கிடுகிறான். இன்று அவை இங்கிலாந்தில் லெஸ்டர் நகர மியூசியத்தில் இருக்கின்றன. நமது கல்யாணப் பந்தலில் அல்லவா தொங்கவேண்டும்!

பெண்களுக்குத் திறமை போதாது என்பார் இன்னும் உண்டு. 28-வது வயதில், 1941-ல் இறந்துபோன அமிர்தா ஷெர்கில் எழுதிய ஒரு படம் 2023-ல் 61 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. ஆனால் அவர் செல்வர் வீட்டுப் பெண், பாரீஸ் நகரம் போய்ப் படித்தவர். கொற்கையில் பிறந்தவளுக்கு அவர் சாட்சியாகார். நமக்கு வேண்டிய சாட்சி மாதவி பரேக். 1942-ல் குஜராத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சித்திரப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாதவர். அவர் கண்டதெல்லாம் வாசல் கோலமும் துணியில் போடும் பூத்தையலுமே. அவர் புருஷரே ஒரு சித்திரக்காரர். பயிற்சிப் புத்தகமொன்றைக் கையில் கொடுத்துப் பழகச் சொன்னார். (இப்படியும் ஒரு புருஷர் இருந்தார் என்பதை ஆண்பிள்ளைகள் கவனிக்கவேண்டும்.) கோலம் போட்ட கையே படம் எழுதிற்று.

கோலம் போட்டால் லக்ஷ்மி வருவாள் என்பது வேறு சங்கதி. வந்ததாக எந்த வீட்டிலும் வரவுக் கணக்கு இல்லை. ஆனால் பத்தொன்பது புள்ளி வைத்து, கை எடுக்காமல் இழுத்து, தொடங்கின புள்ளியிலேயே கொண்டுவந்து முடிக்கிறாளே, அந்தக் கணக்கு நமக்கு வருமா? பத்தமடையில் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நெய்து தருகிறார்கள். நெய்கிறவள் பெயர் அதில் எந்த மூலையிலாவது உண்டா? ஆண் செய்தால் கலை, பெண் செய்தால் வீட்டு வேலை! பெரியவருக்கு இதுவே நமது பதில். தனிக் காட்சி வேண்டாத காலம் வரட்டும், நாமே முதலில் கயிற்றை அறுக்கிறோம்.

பிறரைச் சொல்லுவானேன்? நமது தங்கை சிறு வயதில் கரித்துண்டால் சுவர் முழுதும் மாடும் வண்டியும் எழுதுவாள். மாடு நடப்பது போலவே இருக்கும். சுவரைப் பாழாக்கினாள் என்று தகப்பனார் அடித்தார். நாம் பக்கத்தில் நின்று சிரித்தோம். அதே சுவரில் நாம் தேர்தலுக்குச் சின்னம் எழுதியபோது ஒருவரும் அடிக்கவில்லை. இன்று அவள் பென்சிலைத் தொடுவது பால் கணக்கு எழுதத்தான்.

கடைசியாக ஒன்று. அச்சுப் படங்களுக்குக் கீழே, இவ்வூர்ப் பெண் குழந்தைகள் எழுதிய பதினோரு படங்கள் இருக்கின்றன. பத்தில் பெயர் இருக்கிறது. ஆற்றில் எருமை குளிக்கும் படத்தில் மாத்திரம் பெயரை மையால் அடித்திருக்கிறது. வயசுக்கு வந்த பெண்ணின் பெயர் சந்தியில் தொங்கலாகாது என்று வீட்டார் சொன்னார்களாம். இதே கொற்கை மண்ணை 1968, 69-ல் தோண்டியபோது, குறி கீறிய பானை ஓடுகளும் தமிழ் எழுத்துள்ள ஓடுகளும் அகப்பட்டன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் சோறாக்கும் பானைக்கும் ஒரு அடையாளம் இருந்திருக்கிறது. அப்பெண்ணின் தகப்பனார் இக்கூட்டத்தில்தான் இருக்கிறார் என்று அறிகிறோம். அவரை நாம் குற்றஞ் சொல்ல வரவில்லை. சிரித்த நமக்கு அந்த யோக்கியதையும் இல்லை. படத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பென்சிலும் இருக்கிறது. விளக்கை அணைக்க இன்னும் அரைமணி நேரமிருக்கிறது.