வெட்கத்தால் மறைக்கப்படும் வயிற்று நோய்கள்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)



மலத்தில் இரத்தம் போவதைப் பற்றிப் பள்ளிவாசலில் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். ஆண்களே கேட்கக் கூசும் குளிப்புச் சட்டம் ஒன்றை உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபியவர்களின் சமுகத்தில் வந்து வெளிப்படையாகவே கேட்டார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் தடையாகவில்லை என அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். உயிரைக் காத்துக்கொள்ளும் விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இத்தனை கூச்சம்?

நம் காஞ்சி மண்ணின் மைந்தர் அறிஞர் அண்ணாவை எண்ணிப் பாருங்கள். 1967இல் முதலமைச்சரானவர், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகி, 1968இல் நியூயார்க் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள், 59 வயதில் மறைந்தார். வளைந்து கொடுக்கும் உள்நோக்குக் கருவியை ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 1957இல் உருவாக்கியிருந்தார். அந்நாளில் அது நம் நாட்டில் கிடைப்பதற்கு அரிது. இன்றோ எண்டோஸ்கோபி மாவட்டத் தலைநகர்களிலேயே நடக்கிறது. அண்ணாவின் பெயரால் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றது.

அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது ஊரறிந்த செய்தி. புகையிலை மட்டுமன்று, வெறும் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்துள்ளனர். நம் நிக்காஹ் மஜ்லிஸ்களில் தாம்பூலத் தட்டு சுற்றி வருவதை இனியேனும் யோசிப்போமாக!

தறிக்குழியில் நெடுநேரம் அமர்ந்து, நேரத்திற்கு உண்ணாமல் தேநீரிலேயே பொழுதைக் கழிப்போர் நம்மிடையே பலர். நெஞ்செரிச்சல் வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை. இரத்தம் கண்டால், சுவரில் எழுதியுள்ள ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரத்தைத் தேடி ஓட்டம். எல்லா இரத்தமும் மூலமன்று. உணவு விழுங்கத் தடை, காரணமின்றி எடை குறைதல், தாரைப்போல் கறுத்த மலம், தீராத இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே பார்த்துத்தான் தீர வேண்டும்.

எண்டோஸ்கோபி என்றால் அஞ்ச வேண்டாம். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, விரல் பருமனுள்ள குழாயை வாய்வழியே செலுத்துவர். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். சந்தேகத்திற்குரிய இடத்தில் கிள்ளியெடுக்கும் சதை வலிப்பதில்லை. பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், பின்னாளில் புற்றாகக்கூடிய சிறு கட்டியை அப்போதே அகற்றிவிடவும் இயலும். வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்றுதான் முன்பு கூறி வந்தார்கள். ஒரு கிருமியே பெருங்காரணம் எனக் கண்டறிந்த மார்ஷல், வாரன் என்ற இருவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமி இருப்பதாகத் தெரிந்தால், வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை உண்ண வேண்டும்.

ரமளானில் இச்சோதனை செய்தால் நோன்பு முறியுமா என்பது நம்மிடம் அடிக்கடி வரும் வினா. ஷாஃபிஈ மத்ஹபில், குழாய் தொண்டையைக் கடந்து உட்சென்றாலே முறியும். ஹனஃபீ மத்ஹபில், குழாயுடன் களிம்போ நீரோ உட்சென்றால் முறியும்; நடைமுறையில் இவையின்றிச் செய்வதில்லை. கொலோனோஸ்கோபிக்கோ முன்னதாகவே குடலைச் சுத்தம் செய்யும் மருந்து நீரை லிட்டர் கணக்கில் பருக வேண்டும். ஆகவே தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொன்னால் பெருநாளுக்குப் பின் செய்துகொள்ளுங்கள். கூடாது என்று சொன்னால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை அது.

அவ்ரத்தைப் பற்றியும் கேட்கின்றனர். சிகிச்சையின் தேவைக்காக, தேவையான அளவு மட்டும் திறப்பதற்கு அனுமதி உண்டு. பெண்களுக்குப் பெண் மருத்துவரை முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிடில் ஆண் மருத்துவரிடம் காட்டலாம். கணவரோ மஹ்ரமான உறவினரோ உடனிருக்கட்டும். மயக்க ஊசி போட்டுக்கொண்டவர் அன்று முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது. வீட்டிற்கு அழைத்து வர ஆளில்லாதோர் முன்னதாகவே பள்ளிவாசலில் தெரிவித்தால், நம் இளைஞர்களில் ஒருவரை இன்ஷா அல்லாஹ் உடன் அனுப்பி வைப்போம்.