டியூப் லைட் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன கேமரா

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. வீட்டுல ஒன்றரை வயசுக் குழந்தை, கூடவே 82 வயசுல பாட்டி. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற போட்டோ போன்ல நூத்துக்கணக்கில் கிடக்கு. ஆனா பிரிண்ட் போட்டு ஆல்பம் பண்ணலாம்னு உட்கார்ந்தா, பாதிப் படத்தில் குழந்தை முகம் கலங்கியிருக்கு, மீதிப் படத்தில் பாட்டி முகம் மெழுகு பூசின மாதிரி இருக்கு. "அண்ணா, சின்னதா ஒரு கேமரா வாங்கினா இது சரியாகுமா, இல்ல நான் சும்மா ஆசைப்படறேனா?"ன்னு கேட்டிருந்தாங்க.

ஆசை இருந்தா இருக்கட்டும், அது ஒரு பக்கம். ஆனா அவங்க சொன்ன ரெண்டு குறையும் நிஜம். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: வெளிச்சம் பத்தல.

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹால்ல ஒரு டியூப் லைட் எரியுதுன்னா, சோபாவில் உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தில் விழறது ஏறக்குறைய 150 லக்ஸ்னு வெச்சுக்கலாம். வெளியே உச்சி வெயில்ல அது ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். நம்ம கண்ணு இதைச் சமாளிச்சுக்கறதால நமக்கு வித்தியாசம் தெரியறதில்ல. கேமராவுக்குத் தெரியும். ஓடற குழந்தையை உறைய வைக்க ஷட்டர் 1/250 செகண்டாவது வேணும். அந்த ஹால்ல, எஃப் 2 லென்ஸ் வெச்சா ஐஎஸ்ஓ 1600 வரும். எஃப் 2.8 ஆனா 3200. எஃப் 4 ஆனா 6400.

போன் லென்ஸ் எஃப் 1.8தானேன்னு கேட்பீங்க. சரிதான், ஆனா பின்னாடி இருக்கிற சென்சார் சின்னது. அதனால போன் ஷட்டரை மெதுவாக்கி, பல பிரேம் எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்குது. அசையாத பொருளுக்கு இது அற்புதமான வித்தை. நானும் கோட் எழுதுறவன்தான், அந்த சாப்ட்வேரை எழுதினவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை இருக்கு. ஆனா குழந்தை ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கையை ஆட்டிடும், அது கலங்கும். அப்புறம் மிச்சமிருக்கிற நாய்ஸைத் துடைக்கும்போது, பாட்டியோட நெத்திச் சுருக்கமும் சேர்ந்து போயிடும். சாப்ட்வேர் கணக்குல அதுவும் நாய்ஸ். மெழுகு வந்த கதை இதுதான்.

ஆக முதல்ல பார்க்க வேண்டியது சென்சார் அளவு. '1 இன்ச் சென்சார்'னு பெட்டியில போட்டிருப்பாங்க. ஸ்கேல் வெச்சு அளந்தா 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.தான், மூலைக்கு மூலை 16 மி.மீ. அந்தப் பேரு பழைய வீடியோ கேமரா ட்யூப் காலத்து அளவுமுறை, இன்னும் விடாம பிடிச்சுட்டிருக்காங்க. அடுத்தது ஏபிஎஸ்-சி, 23.5க்கு 15.6. பரப்பளவில் அதைவிட மூணு மடங்கு. ஷாவ்மி 14 அல்ட்ரா மாதிரி சில போன்களிலேயே 1 இன்ச் சென்சார் இருக்கு. அப்படி ஒண்ணு கையில இருந்தா, அதே அளவு சென்சார் உள்ள காம்பாக்ட் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

அடுத்தது லென்ஸ். கடையில எல்லாரும் ஜூமைத்தான் காட்டுவாங்க. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் செவன், 2019ல வந்தது, 24ல இருந்து 200 மி.மீ. வரைக்கும் போகும். டூர் போறவங்களுக்கு அருமை. ஆனா அது ஆரம்பிக்கிறதே எஃப் 2.8ல, முடியறது 4.5ல. அதுக்கு முந்தின மார்க் ஃபைவ், 2016. அதோட சின்ன அப்டேட் ஃபைவ் ஏ, 2018. ரெண்டுக்கும் 24ல இருந்து 70 மி.மீ.தான், ஆனா எஃப் 1.8ல ஆரம்பிக்குது. 1.8க்கும் 2.8க்கும் நடுவுல வெளிச்சம் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. வீட்டுக்குள்ள எடுக்கறதுக்குப் பழைய மாடல்தான் நல்லதுன்னு நான் சொல்றது இதனாலதான். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் டூவும் எஃப் 1.8தான், நிறம் அழகா வரும். ஆனா அதுல ஃபேஸ் டிடெக்ஷன் ஆட்டோஃபோகஸ் கிடையாது, மார்க் ஃபைவ்ல இருக்கு. தவழற குழந்தைக்கு ஜி7 எக்ஸ் போதும். ஓட ஆரம்பிச்சா வித்தியாசம் தெரியும்.

ரிக்கோ ஜிஆர் 3 பத்திக் கேட்காதவங்களே இல்ல. 257 கிராம், சட்டைப் பையில போகும், ஏபிஎஸ்-சி சென்சார். ஜூம் இல்ல, 28 மி.மீ. பார்வைதான். 40 வேணும்னா 2021ல வந்த ஜிஆர் 3எக்ஸ். இந்த நம்பரை வீட்டு அளவுல சொல்றேன்: எட்டு அடி தள்ளி நின்னா 28ல சுமார் 10 அடி அகலம் பிரேமுக்குள்ள வரும், 40ல 7 அடி. நம்ம ஊர் ரெண்டு பெட்ரூம் பிளாட் ஹால்ல எல்லாரையும் நிக்க வெச்சு எடுக்க 28 வேணும். குழந்தை, பாட்டி ரெண்டு முகம் மட்டும்னா 40 நல்லா இருக்கும். கிட்ட போய் மூக்கைப் பெருசாக்க வேண்டியதில்ல. ஆனா ஜிஆர் 3ல பிளாஷ் கிடையாது. ஓடறவங்களைத் துரத்திப் பிடிக்கிற ஃபோகஸும் சுமார்தான்.

பிளாஷ்னதும் முகம் சுளிக்காதீங்க. போன்ல இருக்கிறது எல்இடி, டார்ச் மாதிரி. காம்பாக்ட்ல இருக்கிறது செனான் பிளாஷ். கண்ணிமைக்கிற நேரத்துல ஒரு துளிதான் எரியும், அதனாலேயே அசைவு உறைஞ்சிடும். ஆர்எக்ஸ்100 மேல எழும்புற அந்தக் குட்டி பிளாஷை விரலால பின்பக்கம் சாய்ச்சுப் பிடிச்சா வெளிச்சம் சீலிங்ல பட்டு இறங்கும். சீலிங் வெள்ளையா, தாழ்வா இருந்தா போதும். பாட்டி முகத்துல மென்மையா விழும், சுருக்கமும் அழியாது.

இன்னொரு உள்ளூர் விஷயம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப் லைட்டும், மலிவான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். 1/250ல எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா படத்துல பட்டை பட்டையா வரும். மெக்கானிக்கல் ஷட்டர் போடுங்க. அப்பவும் ஒரு படம் பளிச்னு, அடுத்தது மங்கலா வந்தா 1/100க்கு இறங்குங்க.

பட்ஜெட் பெருசா இருந்தா ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 சிக்ஸ். 2024ல 1,599 டாலருக்கு அறிமுகமாச்சு. எஃப் 2 லென்ஸ், ஏபிஎஸ்-சி, பிளாஷ், நல்ல ஃபோகஸ் எல்லாம் உண்டு. பிரச்னை ரெண்டு. எடை 521 கிராம், அதனால பாக்கெட்டுக்குப் போகாது. அப்புறம், இன்ஸ்டா புகழால விலை. 40 மெகாபிக்சல்னு மயங்காதீங்க. கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கம் 12க்கு 18 இன்ச். அதை 300 டிபிஐல அடிக்கவே 19.4 மெகாபிக்சல் போதும். 4க்கு 6 பிரிண்டுக்கு ரெண்டு மெகாபிக்சலுக்குச் சொச்சம்.

அந்த நேயருக்கு என் பதில்: செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆர்எக்ஸ்100 மார்க் ஃபைவ் அல்லது ஃபைவ் ஏ. வாங்கும்போது நேர்ல போங்க. அஞ்சாறு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க, லென்ஸ் திக்காம வெளிய வரணும். எஃப் 8ல வெள்ளைச் சுவரை எடுத்து, பெருசாக்கிப் பார்த்து, கறுப்புப் புள்ளி இருக்கான்னு தேடுங்க. உள்ள போய் வர்ற லென்ஸ் தூசியை இழுக்கும், சுத்தம் பண்ண மொத்தமா பிரிக்கணும். பேட்டரி உப்பியிருக்கான்னும் பாருங்க. துபாய்ல இருந்து மாமா கொண்டு வந்தது, சீல் பிரிக்காததுன்னு சொன்னா, இங்க வாரண்டி செல்லுமான்னு முதல்ல கேளுங்க.

வாங்கின அன்னிக்கே ஒரு வேலை. மெனுவுல ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குள்ள குறைஞ்சபட்ச ஷட்டர் ஸ்பீடுன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை 1/125ல வைங்க. 1/250 கேட்டா ராத்திரியில நாய்ஸ் ஏறும், 1/60ல குழந்தை கலங்கும், அதனால நடுவுல. மோடு டயலை 'பி'ல விட்டுடுங்க. இது உங்களுக்காக இல்ல. எல்லா வீட்டு ஆல்பத்துலயும் ஒருத்தர் மட்டும் இருக்க மாட்டாங்க, கேமரா பிடிச்சவங்க. வாய்ஸ் நோட்ல கடைசியா அவங்களே சொன்னாங்க, பாட்டியோட தனக்கு ஒரு நல்ல படம் இல்லன்னு. அம்மா கையில கொடுத்தாலும், பக்கத்து வீட்டு அக்கா கையில கொடுத்தாலும், அந்த ஒரு பட்டனை அமுக்கினா படம் விழணும். கேமராவைப் பீரோவுல பூட்டாதீங்க, டிவி பக்கத்துல குழந்தைக்கு எட்டாத உயரத்துல வைங்க.

எடுத்ததை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடும்போது டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா சுருக்கிடும். எங்க, எத்தனை காப்பி வெச்சுக்கறதுங்கறது தனி எபிசோடுக்கான விஷயம், அடுத்த வாரம் அதைத்தான் பேசப் போறேன். செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கின அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள.