தலைவெட்டிக் கோயிலும் வெள்ளைப் பாறை விளக்கும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பிள்ளைகள் பரிசு வாங்கக் காத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு சங்கதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

‘லாட்ஜ்’ என்றால் நமக்குத் தங்கும் விடுதிதான். ஆனால் நம் மாநிலத்தில் ‘ஜொகூர் ராயல் லாட்ஜ்’ என்று ஒன்று உண்டு. அங்கே போய் ரூம் கேட்டால் கிடைக்காது! அது பிரீமேசன் சங்கத்தின் கிளை. கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு நடத்துகிறவர்கள் என்பதால் அன்றைய சென்னை மாகாணத்தில் நம்மவர்கள் இதற்குத் ‘தலைவெட்டிக் கோயில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சேருகிறவன் தலையை வெட்டி, மறுபடி ஒட்டவைப்பார்களாம்! பயம் இருந்த இடத்தில் கதைக்கா பஞ்சம்?

உண்மையில் உள்ளே இருப்பவை நம்ம கொத்தனார் பையில் இருக்கிற சாமான்கள்தாம். மூலமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம், இடுப்பிலே ஒரு முன்கட்டு. மேசன் என்றால் கொத்தனார்தானே? பழைய ஐரோப்பாவில் கல்தச்சர்கள் வேலைத்தலத்தின் அருகே போட்டுக்கொண்ட கொட்டகைக்குத்தான் ‘லாட்ஜ்’ என்று பெயர். பிற்பாடு சுத்தியல் பிடிக்காத கனவான்களும் சேர்ந்தார்கள். 1717-இல் லண்டனில் தலைமைச் சங்கம் அமைத்தார்கள். மூலமட்டம் நேர்மைக்கு அடையாளம், ரசமட்டம் சமத்துவத்துக்கு அடையாளம் என்றார்கள்.

நல்ல பேச்சுதான். நடப்பு எப்படி? ஆற்காட்டு நவாப்பின் மகனைத் திருச்சியில் 1770-களிலேயே சேர்த்துக்கொண்டார்கள். கல்கத்தாவில் பி.சி. தத் என்ற இந்து அன்பரோ பல ஆண்டு போராடி 1872-இல்தான் உள்ளே நுழைந்தார். ரசமட்டம் அங்கே கொஞ்சம் சாய்ந்துதான் நின்றிருக்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். ஜொகூரின் தென்கிழக்கே கடலில் ஒரு பாறை. மலாயில் பத்து பூத்தே, அதாவது வெள்ளைப் பாறை. கப்பல்கள் மோதி உடையாமலிருக்க அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1850 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். சிங்கப்பூரிலிருந்து ‘ஸெட்லண்ட் இன் தி ஈஸ்ட்’ என்ற லாட்ஜின் தலைவர் டேவிட்சன் தம் சகோதரர்களோடு வந்து, கவர்னர் பட்டர்வொர்த் முன்னிலையில் அடிக்கல் நாட்டினார். இந்தச் சங்கத்தின் அடிக்கல் வழக்கமே தனி: தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துக் கல்லைச் சோதிப்பார்கள், தானியமும் திராட்சை ரசமும் எண்ணெயும் தெளிப்பார்கள். நம்ம வாசற்கால் பூஜை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாறை யாருக்கு என்று மலேசியாவும் சிங்கப்பூரும் உலக நீதிமன்றம் வரை போனபோது இந்த நாளின் கதையும் அங்கே பேசப்பட்டது. 2008-இல் தீர்ப்பு சிங்கப்பூருக்குச் சாதகமாயிற்று.

அன்று பதித்த பலகையில் லாட்ஜ் தலைவர் பெயர் உண்டு. கட்டடத்தை வரைந்த தாம்சன் பெயர் உண்டு. ஆனால் விளக்குக்கான கருங்கல் பூலாவ் ஊபினில் வெட்டியது. வெட்டியவர்கள் சீனக் கல்தச்சர்கள். மூலமட்டத்தை அடையாளமாக அல்ல, கையிலே பிடித்து வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் பலகையில் இல்லை.

மாணவச் செல்வங்களே, நான் நிற்கிற இந்த மேடைக்குச் சிமெண்டு பூசியவர் இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சபை கலைந்ததும் அவரிடம் போய், “மாமா, அந்த ரசமட்டத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். பேரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.