பட்டம் கிடைத்தது, பணி எங்கே?

(திண்ணனூர் நாட்டில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இம்மலைக்கு ஏறி வந்தேன். ஏறுவது கடினம்தான். ஆனால் உங்கள் பிள்ளை பட்டத்தோடு கீழே இறங்கி வேலை தேடுவது அதனினும் கடினம்!

“நூற்றுக்கு நூறு வேலை” என்று தனியார் பல்கலைக் கழகங்கள் விளம்பரம் செய்கின்றன. யார் அந்த நூறு பேர்? ஒரே மாணவனுக்கு மூன்று நிறுவனங்கள் கடிதம் தந்தால் மூன்று வேலை என்று எண்ணிவிடலாம். வேலைக்குப் பதிந்தோரை மட்டும் வைத்து விழுக்காடு போடலாம். ஒருவன் பெற்ற பெருஞ்சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, மற்றவர் பெற்றதை மறைக்கலாம்.

2022-இல் இந்தியப் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுவது இது. படியாதவன் சுகமாக வாழ்கிறான் என்று பொருள் கொள்ளாதீர்! கூலிக்குப் போகாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே கிடைத்த வேலைக்குப் போகிறான்.

கடன்பட்டுப் படித்தவன் கதியும் அதுவேதான். படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தால் வங்கி தவணை கேட்கும். வேலை வந்ததா என்று கேளாது. மிளகையும் காப்பியையும் விற்ற பணம் வட்டிக்கே போதாது. எனவே பொறியாளர் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு, எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்டுகிறான். கடனின்றிப் படித்தவனோ நல்ல வேலைக்குக் காத்திருக்கலாம். அரசுத் தேர்வுக்கும் படிக்கலாம். அங்கேதான் பழங்குடியினர்க்கு ஒரு விழுக்காடேனும் இட ஒதுக்கீடு உண்டு; தனியார் வேலையில் அதுவும் இல்லை.

2021-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தந்தது. கட்டணத்தை அரசே ஏற்றது. 2025 அக்டோபரில், தனியார் கல்லூரிகளைப் பல்கலைக் கழகங்களாக மாற்ற வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்படி மாறினால் இந்த இடங்கள் என்னவாகும் என்று கேட்டோம். எதிர்ப்பு வலுத்தது, சில நாட்களிலேயே மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. அயர்ந்துவிட்டால் அது வேறு உருவில் வரும்!

தேசியத் தரவரிசையில் பங்குகொள்ளும் கல்வி நிலையங்கள், எத்தனை பேர் வேலை பெற்றனர், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதித் தருகின்றன. கட்டணம் கட்டுமுன் அந்தத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் நம் கிளைத் தோழர்களிடம் சொல்லுங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.