உதவும் கை ஓங்கும் கை ஆகலாமா?
(ஜீவனஹள்ளி குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பிறரைக் குறை சொல்லக் கூடவில்லை. நம்மை நாமே பார்த்துக்கொள்ளக் கூடியிருக்கிறோம்.

ஊரிலிருந்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறது. அறை பிடித்துத் தருகிறோம். ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கன்னடத்தில் மனு எழுதித் தருகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் ஓர் அம்மாவுக்கு மூன்று வருடம் நாமே எழுதினோம். நான்காம் வருடம் நேரமில்லை என்றோம். "ஏழை என்றால் இளக்காரமா?" என்று அவர் கேட்டார். "இத்தனை செய்தும் நன்றி இல்லையே!" என்று நாம் சீறினோம். பிறகு, நம் நிலைமைதான் பரிதாபம் என்று புலம்பினோம்.

காப்பாற்றுகிறவர், பாதிக்கப்பட்டவர், துன்புறுத்துகிறவர் என்ற மூன்று வேடங்களையும் ஒரே நாளில் போட்டு முடித்தோம்! இதைத்தான் அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மன் 1968இல் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். அடிபட்டவரெல்லாம் நடிக்கிறார் என்பதல்ல அதன் பொருள். உதவுகிறவர் தன்னை உயர்த்தி, எதிரில் இருப்பவரைக் கையாலாகாதவராக நினைக்கும்போது வேடங்கள் இடம் மாறுகின்றன என்பதே பொருள்.

நம் சரித்திரத்துக்கு இது புதிதா? இலங்கைத் தோட்டங்களுக்கு நம் முன்னோரை அழைத்துப் போன கங்காணி யார்? பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில சமயம் உறவுக்காரர். வழிச்செலவுக்கு முன்பணம் தந்தார். துரையிடம் பரிந்து பேசினார். அந்த முன்பணமே கடனாகிக் கழுத்தில் விழுந்தது. கடன் தொகையை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. கங்காணிக்கு லாபம் இருந்தது; நமக்கு அது இல்லை. ஆனால் "என்னால்தான் நீ" என்ற நினைப்பு நம்மிடமும் இருந்தால், அதுவும் ஒரு துண்டுதான்!

ஆகவே தோழர்களே, கேட்காமல் பிறர் காரியத்தைக் கையில் எடுக்க வேண்டாம். முடியாததை முதலிலேயே முடியாது என்போம். முதல் மனுவை நாம் எழுதுவோம்; இரண்டாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே எழுதச் சொல்வோம்; மூன்றாவதை அவர் இன்னொருவருக்கு எழுதித் தரட்டும். அதற்குக் கன்னட எழுத்தை நாம் எல்லோரும் கற்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் போய், தவறு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தோம். இப்போது அவர் பேனா பிடித்திருக்கிறார்.

நம்மைத் தேடி வருகிறவர் என்றைக்கும் நம்மைத் தேடியே வரவேண்டும் என்று நினைப்பது சங்கமல்ல. நாளை அவரும் நம் பக்கத்தில் உட்கார்ந்து உழைப்பதே சங்கம்.